கணக்கு இருக்கிறது, உள்ளே போக முடியவில்லை: எல்டாப் பயனர் கணக்குகளில் வரும் பிழைகளை அறிகுறியை வைத்துத் தீர்ப்பது

ஹட்டனில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் வலையமைப்பை நான் பார்த்து வருகிறேன். அங்கே எல்லாருடைய கணக்கும் பாஸ்வேர்டும் ஒரே சேர்வரில் இருக்கின்றன, வகுப்புக் கணினிகள் அதைக் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடும். அப்படிக் கேட்கிற முறைக்குப் பெயர்தான் எல்டாப். பிள்ளைகள் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை என்று பல பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். வகுப்பு இரண்டு மணித்தியாலம். அதில் அரை மணித்தியாலம் "சேர், எனக்கு உள்ள போக முடியல" என்பதிலேயே கழிந்தால், பின்னேரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அந்தப் பிள்ளை அன்று ஒன்றும் கற்காமல் வீட்டுக்குப் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலையகத்தில் பாடசாலைக் கணினி அறைகளையும் சிறிய நிலையங்களையும் பார்த்துக்கொள்கிற நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான்: "எல்டாப் கணக்குகளைக் கையாள நல்ல கருவி எது?" கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு கருவியைப் போட்டுப் பார்த்திருப்பார். அது ஏதோ பிழை காட்டியிருக்கும். இன்னொன்றைத் தேடிப் போட்டிருப்பார், அதுவும் அதே பிழையைக் காட்டியிருக்கும். கருவிகள் எல்லாம் ஒரே சேர்வரிடம் ஒரே மொழியில்தான் பேசுகின்றன. சேர்வர் மறுத்ததை எந்தக் கருவியாலும் செய்ய முடியாது. ஆகவே முதலில் பிழை எண்ணைப் படியுங்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் சேர்வர் ஓர் எண் தருகிறது, கருவி அதை எங்கேயாவது ஒரு மூலையில் காட்டும். அந்த எண்தான் வழி சொல்லும்.

கையில் இருக்க வேண்டிய கருவிகள்

நான் மூன்றை வைத்திருக்கிறேன். முதலாவது, டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் 'எல்டாப் யூட்டில்ஸ்' என்ற பொதியில் வரும் கட்டளைகள். தேட, சேர்க்க, மாற்ற, பாஸ்வேர்ட் வைக்க என்று தனித்தனிக் கட்டளைகள் அதில் உண்டு. பிழை யார் பக்கம் என்று கண்டுபிடிக்க இதைவிட நம்பகமானது இல்லை.

இரண்டாவது 'எல்டாப் அக்கவுண்ட் மனேஜர்', சுருக்கமாக லாம். பிரௌசரில் வேலை செய்யும் இலவச மென்பொருள். அன்றாட வேலைக்கு இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் இது ஆளை ஆளாகக் காட்டுகிறது: பெயர், குழு, வீட்டுக் கோப்புறை (அவரவர் கோப்புகள் இருக்கும் இடம்), பாஸ்வேர்ட் என்று படிவம் போல. அடுத்த பயனர் எண்ணையும் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு வகுப்பு முழுவதையும் அட்டவணைக் கோப்பிலிருந்து ஒரே தடவையில் ஏற்றலாம். நிறுவியவுடன் அதன் அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்ட் 'லாம்' என்றே இருக்கும், அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது 'அப்பாச்சி டிரெக்டரி ஸ்டூடியோ'. ஜாவா வேண்டும், பழைய கணினியில் மெதுவாகத் திறக்கும். ஆனால் ஒரு பதிவின் (அதாவது ஒரு கணக்கின்) எல்லாப் பண்புகளையும் (பெயர், எண் போன்ற விபரங்களையும்), சேர்வர் தானாக எழுதி வைத்த மறைவான பண்புகளையும்கூட, பார்க்க இதுவே வசதி. பலருக்குத் தெரிந்த பிஎச்பி எல்டாப் அட்மினும் நல்லதுதான். ஆனால் அது, சேர்வரில் கணக்குகள் கிளை கிளையாக அடுக்கப்பட்டிருக்கும் மரத்தை அப்படியே காட்டுவதால், எல்டாப் தெரியாத ஆசிரியர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

சிவப்புத் தொப்பி வகை லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பலரும் பயன்படுத்தும் எல்டாப் சேர்வர் மென்பொருள் ஓப்பன்எல்டாப். ரெட் ஹாட் 8ஆம் பதிப்பிலிருந்து அதன் சேர்வர் பொதி அதில் வருவதில்லை. பழைய வழிகாட்டியைப் பார்த்து 'பொதி இல்லை' என்று திணற வேண்டாம். அங்கே 389 டிரெக்டரி சேர்வர், ஃப்ரீஐபிஏ என்ற வேறு மென்பொருள்கள்தான் வழக்கமான வழி.

அறிகுறி: எந்தக் கருவியும் சேர்வரை எட்டவில்லை, பிழை −1

இது பாஸ்வேர்ட் பிரச்சினை இல்லை, பேச்சே தொடங்கவில்லை. சேர்வர் ஓடுகிறதா, அதன் ஐபி முகவரி மாறிவிட்டதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு ரூட்டர் வேறு முகவரி கொடுத்துவிடுவது சாதாரணம். சேர்வருக்கு நிலையான முகவரி வைத்தால் இது தீரும்.

அப்புறம் 389ஆம் போர்ட்டில் தேடல் போய், 636ஆம் போர்ட்டில் மட்டும் −1 வந்தால் பிழை பெரும்பாலும், சேர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழில் இருக்கிறது. 636இல் பேச்சு முழுக்க மறைகுறியாக்கத்தில் நடப்பதால், சான்றிதழ் ஒப்பாவிட்டால் கருவி கையை எடுத்துவிடும். சான்றிதழில் சேர்வரின் பெயர் இருக்க, நீங்கள் கருவியில் ஐபி முகவரியைக் கொடுத்திருக்கலாம். அல்லது சான்றிதழின் காலம் முடிந்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு: கடிகாரம். பழைய கணினிகளின் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி செத்திருந்தால், மின்வெட்டுக்குப் பிறகு கணினி பல வருடம் பின்னே போய் எழும்பும். அந்தக் கணினிக்குச் சான்றிதழ் 'இன்னும் தொடங்கவே இல்லை'. ஒரு வரிசையில் மூன்று கணினியில் மட்டும் லொகின் ஆகவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது மணியைத்தான். பற்றரியை மாற்றுங்கள், இணையம் இல்லாவிட்டாலும் நேரம் கொடுக்க உங்கள் சேர்வரிலேயே குரோனி என்ற நேரச் சேவையை வையுங்கள். விண்டோஸ் சேர்வரின் கணக்குச் சேவையான அக்டிவ் டிரெக்டரியில் இது இன்னும் கடுமை: அங்கே லொகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் வழக்கத்தில் 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் ஏற்காது.

அறிகுறி: பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் பிழை 49

49 இரண்டு விதமாக வரும். பாஸ்வேர்ட் பிழையென்றாலும் 49, அப்படி ஒரு ஆளே இல்லையென்றாலும் 49. யார் இருக்கிறார், யார் இல்லை என்று வெளியாளுக்குக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்பதால் சேர்வர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது. ஆகவே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பதற்கு முன் பெயரைப் பாருங்கள். கருவிக்குள் நுழைய 'அட்மின்' என்று மட்டும் அடித்தால் போதாது. சிஎன்=அட்மின் என்று தொடங்கி, டொமைன் பெயரைக் குறிக்கும் டிசி பகுதிகள் எல்லாம் சேர்ந்த முழுப்பெயர் வேண்டும். அதைத்தான் டிஎன் என்கிறோம். கட்டளைப் பொதியில் 'எல்டாப் ஹூ ஆம் ஐ' என்று ஒன்று இருக்கிறது. அதே டிஎன், அதே பாஸ்வேர்ட் கொடுத்து அதைக் கேளுங்கள். அது உங்கள் பெயரைத் திருப்பிச் சொன்னால் பிழை கருவியின் அமைப்பில், சொல்லாவிட்டால் கணக்கில்.

பாஸ்வேர்ட் கொள்கை போட்டிருக்கும் சேர்வரில், பல தடவை பிழையாக அடித்துப் பூட்டப்பட்ட கணக்குக்கும் அதே 49தான். பூட்டு விழுந்த நேரம் மறைவான பண்பாக இருப்பதால் சாதாரணத் தேடலில் தெரியாது. ஸ்டூடியோவில் மறைவான பண்புகளைக் காட்டச் சொன்னால் தெரியும். நிர்வாகியாக நுழைந்து அந்த ஒரு பண்பை அழித்தால் கணக்குத் திறக்கும்.

அக்டிவ் டிரெக்டரி என்றால் 49க்குப் பக்கத்தில் 'டேட்டா' என்று இன்னொரு குறியீடு வரும், அதை விடாதீர்கள். 52ஈ என்றால் பாஸ்வேர்ட் பிழை, 525 என்றால் ஆள் இல்லை, 532 என்றால் பாஸ்வேர்ட் காலாவதி, 533 என்றால் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது, 773 என்றால் பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும், 775 என்றால் பூட்டு.

அறிகுறி: உள்ளே போனால் மரம் வெறுமை, அல்லது பிழை 32

'அப்படி ஒரு இடமே இல்லை' என்று சேர்வர் சொல்கிறது. டெபியனில் கணினிக்கு டொமைன் பெயர் வைக்காமல் ஓப்பன்எல்டாப்பை நிறுவினால், மரத்தின் அடி 'நோடொமைன்' என்று அமைந்துவிடும். நீங்கள் உங்கள் நிலையத்தின் பெயரில் தேடுகிறீர்கள், சேர்வரில் இருப்பது வேறு பெயர். இன்னும் யாரையும் சேர்க்கவில்லை என்றால் பொதியை மறுபடி அமைக்கும் கட்டளையைக் கொடுத்துச் சரியான பெயரோடு தொடங்குங்கள். ஆட்களைச் சேர்த்துவிட்டால் அது பெரிய வேலை.

அறிகுறி: பார்க்க முடிகிறது, மாற்ற முடியவில்லை, பிழை 50

அனுமதி இல்லை. டெபியனின் இயல்பு விதிப்படி ஒருவர் தன் பாஸ்வேர்டை மட்டும் தானே மாற்றலாம், மற்றவை எல்லாம் நிர்வாகிக்கே. இங்கே பலர் செய்வது நிர்வாகியின் பாஸ்வேர்டையே ஆசிரியர்களுக்குக் கொடுத்துவிடுவது. தயவுசெய்து வேண்டாம். ஆசிரியர்களுக்கு ஒரு குழு அமைத்து, பிள்ளைகள் இருக்கும் கிளையில் பாஸ்வேர்ட் பண்பை மட்டும் எழுத அந்தக் குழுவுக்கு அனுமதி கொடுங்கள். பழைய வழிகாட்டிகள் சொல்கிற அமைப்புக் கோப்பைத் திருத்தினால் இன்றைய டெபியனில் ஒன்றும் நடக்காது. அமைப்பே சேர்வருக்குள் ஒரு தனி மரமாக இருக்கிறது, அங்கேதான் மாற்ற வேண்டும்.

அதே இயல்பு விதிப்படி பாஸ்வேர்டைத் தவிர மற்ற விபரங்களை யாரும் வாசிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பெற்றோரின் தொலைபேசி இலக்கம், லயத்து இலக்கம் எல்லாவற்றையும் இதில் போட்டு வைக்கத் தேவையில்லை. லொகினுக்கு வேண்டியது மட்டும் போதும்.

அறிகுறி: நம் பெயர்களைச் சேர்வர் ஏற்கவில்லை, பிழை 65 அல்லது 21

இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாக.

ஒரு பதிவில் என்னென்ன பண்புகள் இருக்க வேண்டும் என்று சொல்வது ஒப்ஜெக்ட் கிளாஸ். பயனர்களுக்கு வழக்கமாகப் பயன்படும் கிளாஸில் இரண்டு பண்புகள் கட்டாயம்: முழுப்பெயருக்கு சிஎன், குடும்பப் பெயருக்கு எஸ்என். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னே வரும், அவ்வளவுதான். எஸ்என் கட்டத்தை வெறுமையாக விட்டால் 65 வரும். சிலர் அங்கே ஒரு புள்ளி வைக்கிறார்கள். சிலர் அப்பாவின் பெயரைப் போடுகிறார்கள். அப்பா பெயரைப் போட்டால் கருவி அந்தப் பெயரை வைத்து வரிசைப்படுத்தும், ஆசிரியர் செல்வராணியைத் தேடினால் எங்கேயோ கிடப்பாள். நான் எடுத்த முடிவு: பிள்ளையின் சொந்தப் பெயரையே எஸ்என்னில் போடுவது. முதலெழுத்துக்கு 'இனிஷியல்ஸ்' என்று தனிப் பண்பு அதே கிளாஸில் இருக்கிறது, அதை அங்கே வைப்பது. எதை எடுத்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுங்கள்.

அடுத்தது தமிழில் பெயர் எழுதும்போது வரும் 21. 'தமிழை எல்டாப் ஏற்காது' என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன், அது உண்மை இல்லை. சிஎன், எஸ்என், காட்சிப் பெயர் எல்லாம் யூனிகோடை ஏற்கும். ஏற்காதவை மின்னஞ்சல், வீட்டுக் கோப்புறை, அப்புறம் கெக்கோஸ் என்ற பழைய யூனிக்ஸ் பண்பு. இவற்றில் அடிப்படை ஆங்கில எழுத்து மட்டுமே போகும். படிவத்தில் பெயரைத் தமிழில் அடித்தவுடன் சில கருவிகள் அதையே கெக்கோஸுக்கும் நகல் எடுத்துப் போடும், சேர்வர் முழுப் பதிவையும் மறுத்துவிடும். கெக்கோஸை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதுங்கள், அல்லது வெறுமையாக விடுங்கள். அது கட்டாயமில்லை.

தமிழ்ப் பெயரைச் சேர்த்த பிறகு கட்டளையில் தேடினால் பெயருக்குப் பதிலாகப் புரியாத ஆங்கில எழுத்துக் கோவை வரும். பயந்துவிடாதீர்கள், தரவு கெடவில்லை. ஆங்கிலம் அல்லாததைக் கட்டளை பேஸ்64 என்ற முறையில் மாற்றிக் காட்டுகிறது. பண்பின் பெயருக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளிக்குப் பதில் இரட்டையாக இருந்தால் அதுதான் அடையாளம். தமிழ் எழுத்தில் தொடங்கும் எந்தப் பெயரும் அந்த முறையில் '4கே6' என்றே தொடங்கும். நாலைந்து பதிவைப் பார்த்தால் கண் பழகிவிடும். லாமிலும் ஸ்டூடியோவிலும் நேரடியாகத் தமிழாகவே தெரியும்.

எந்தப் பிழை எண்ணும் வராத சிக்கல் ஒன்று இருக்கிறது: எழுத்துக்கூட்டல். லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி, லெச்சுமி எல்லாம் நம் பதிவேடுகளில் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாடசாலையில் ஒன்று, ஆங்கிலத்தில் இன்னும் இரண்டு. ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தால் சேர்வர் 68 என்று மறுக்கும். ஆனால் எழுத்து மாறினால் அதற்கு வேறு ஆள்தான். ஒரு பிள்ளைக்கே இரண்டு கணக்கு உருவாகி, செய்த பயிற்சி ஒன்றில், இன்றைய லொகின் மற்றதில் என்று ஆகிவிடும். லொகின் பெயரைப் பெயரிலிருந்து உருவாக்காமல் சேர்விலக்கத்திலிருந்து உருவாக்குங்கள். சிஎன் பண்பு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பை ஏற்கும், தெரிந்த எழுத்துக்கூட்டல்களை எல்லாம் அதில் சேர்த்து வைத்தால் ஆசிரியர் எப்படித் தேடினாலும் பிள்ளை கிடைக்கும்.

அறிகுறி: கருவியில் கணக்குத் தெரிகிறது, வகுப்புக் கணினியில் நுழைய முடியவில்லை

இப்போது சேர்வரை விட்டுவிட்டு வகுப்புக் கணினிக்கு வாருங்கள். அங்கே கணினிக்கும் எல்டாப் சேர்வருக்கும் இடையில் நிற்பது எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை. 'கெட்என்ட்' கட்டளையில் அந்த ஒரு லொகின் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள். பெயர் கொடுக்காமல் முழுப் பட்டியலைக் கேட்காதீர்கள். எஸ்எஸ்எஸ்டி இயல்பில் முழுப் பட்டியலைத் தராது, அதைப் பார்த்து 'யாருமே இல்லை' என்று முடிவு செய்தால் பிழையாகிவிடும்.

ஆள் தெரியவில்லை, அல்லது பழைய விபரம் தெரிகிறது என்றால் சேமித்து வைத்த நகல் காரணமாக இருக்கலாம். இயல்பாக 5400 விநாடி, அதாவது ஒன்றரை மணித்தியாலம், எஸ்எஸ்எஸ்டி ஒரு பதிவின் நகலை வைத்துக்கொள்ளும். எஸ்எஸ்எஸ்டியின் கேஷை வெறுமையாக்கும் கட்டளையைக் கொடுத்தால் புதிதாகப் போய்ப் பார்க்கும்.

ஆள் தெரிகிறது, பாஸ்வேர்ட் மட்டும் ஏற்கவில்லை என்றால் பெரும்பாலும் மறைகுறியாக்கம் அமைக்கப்படவில்லை. திறந்த இணைப்பில் பாஸ்வேர்டை அனுப்ப எஸ்எஸ்எஸ்டி மறுக்கும், தேடல் மட்டும் நடக்கும். அதைத் தாண்ட ஓர் அமைப்பு இருக்கிறது, 'உண்மையான பயன்பாட்டில் ஒருபோதும் வேண்டாம்' என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். அதைத் தொடாமல் சான்றிதழைச் சரிசெய்யுங்கள். மின்சாரம் விட்டுவிட்டு வரும் இடமென்றால், பாஸ்வேர்டின் அடையாளத்தையும் சேமிக்க எஸ்எஸ்எஸ்டியிடம் சொல்லலாம். அப்போது சேர்வர் எழும்பாத நேரத்திலும், முன்பு அந்தக் கணினியில் நுழைந்த பிள்ளை நுழையலாம்.

பாஸ்வேர்டை ஏற்று, திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி லொகின் திரைக்கே வந்தால் பெரும்பாலும் வீட்டுக் கோப்புறை இல்லை என்று அர்த்தம். கணக்கைச் சேர்ப்பது கோப்புறையை உருவாக்குவதாகாது. லினக்ஸில் நுழைவைக் கவனிக்கும் 'பாம்' என்ற அமைப்பில், முதல் நுழைவில் அதை உருவாக்கும் தொகுதியை இயக்கிவிடுங்கள்.

அறிகுறி: ஒரு பிள்ளையின் கோப்புகள் இன்னொரு பிள்ளையிடம்

இதைத் தள்ளிப்போட வேண்டாம், அன்றைக்கே பாருங்கள். லினக்ஸுக்கு ஆள் என்பது பெயர் இல்லை, எண். இருவருக்கு ஒரே பயனர் எண் விழுந்தால் இருவரும் ஒருவரே. ஓப்பன்எல்டாப் இயல்பில் இதைத் தடுக்காது. நான் லாமில் சேர்க்க, அதே நேரம் இன்னொரு ஆசிரியர் கோப்பிலிருந்து ஏற்ற, இரண்டிலும் ஒரே எண்கள் விழுந்த அனுபவம் எனக்கு இருக்கிறது. எல்லாப் பயனர் எண்களையும் தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, இரட்டையாக வருபவற்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஒருவருக்குப் புது எண் கொடுத்து, கோப்புகளின் உரிமையையும் புது எண்ணுக்கு மாற்றுங்கள். பிறகு சேர்வரில் 'யூனிக்' என்ற மேலடுக்கை (கூடுதல் தொகுதியை)ப் போட்டு, இரட்டை எண்ணை மறுக்கச் சொல்லுங்கள்.

எண்களை 10000இலிருந்து தொடங்குவது நல்லது. 1000இலிருந்து தொடங்கினால் அந்தந்தக் கணினியில் இருக்கும் உள்ளூர்க் கணக்கோடு மோதும். விலகிப் போன பிள்ளையின் கணக்கை அழிக்காமல் நிறுத்தி மட்டும் வையுங்கள். அழித்தால் அந்த எண் அடுத்து வரும் பிள்ளைக்குப் போகலாம், பழைய கோப்புகளும் கூடவே போகும்.

அறிகுறி: பட்டியல் 500 பேரோடு நின்றுவிடுகிறது, பிழை 4

ஓப்பன்எல்டாப் ஒரு தேடலுக்கு இயல்பில் 500 பதிவுதான் தரும். நிர்வாகிக்கு இந்த எல்லை இல்லை. அதனால் உங்களுக்கு எல்லாரும் தெரிவார்கள், ஆசிரியருக்குத் தெரியாது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்ப மாட்டீர்கள். ஆசிரியர் குழுவுக்கு மட்டும் எல்லையை உயர்த்துங்கள். அக்டிவ் டிரெக்டரியில் எல்லை 1000, அங்கே கருவியில் பக்கம் பக்கமாகக் கேட்கும் வசதியை இயக்கினால் போதும்.

அறிகுறி: குழுவில் சேர்த்தும் அனுமதி வரவில்லை

குழு இரண்டு வகை. ஒன்று உறுப்பினரை லொகின் பெயரால் எழுதும், மற்றது முழு டிஎன்னால். வகுப்புக் கணினி ஒன்றை எதிர்பார்க்க, கருவி மற்றதை எழுதினால் பிள்ளை குழுவில் இருந்தும் இல்லாத மாதிரிதான். எந்த வகைக் குழு என்று சொல்லும் எஸ்எஸ்எஸ்டியின் ஸ்கீமா அமைப்பையும் கருவியின் அமைப்பையும் ஒன்றாக்குங்கள். பிள்ளை ஒரு தடவை வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். டிஎன் வகைக் குழுவில் கடைசி உறுப்பினரை நீக்கப் போனால் 65 வரும், அந்த வகைக்கு ஒருவராவது இருந்தே ஆக வேண்டும்.

அறிகுறி: விண்டோஸ் கணினியில் நிர்வாகக் கருவியே இல்லை

அக்டிவ் டிரெக்டரியின் பயனர் கருவி சேர்வர் அல்லாத கணினியில் தானாக இராது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, அமைப்புகளில் விருப்ப வசதிகள் என்ற இடத்தில் ஆர்சாட் என்று தேடிச் சேர்க்கலாம். ஹோம் பதிப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

பாஸ்வேர்டைப் பொதுக் கருவியில் மாற்றும்போது

ஒரு பண்பைத் திருத்துவது போலப் பாஸ்வேர்டை நேரே அடித்தால், ஓப்பன்எல்டாப் இயல்பில் அதை அடித்தபடியே வைத்துக்கொள்ளும். லொகின் ஆகும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் சேர்வரின் நகலை எடுத்துத் திறந்தவருக்குப் பிள்ளைகளின் பாஸ்வேர்ட் எல்லாம் தெரியும். பேஸ்64 அதை மறைக்காது. பாஸ்வேர்டுக்கென்று இருக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அல்லது ஸ்டூடியோவில் வரும் பாஸ்வேர்ட் பெட்டியில், பாஸ்வேர்டை நேரே திருப்பி வாசிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் ஹாஷ் வகையைத் தெரிவு செய்யுங்கள்.

மேலே சொன்ன எந்தத் திருத்தத்துக்கும் முன், குறிப்பாக வருடத் தொடக்கத்தில் புது வகுப்பை ஏற்றுவதற்கு முன், 'ஸ்லாப்கேட்' கட்டளையால் மரம் முழுவதையும் ஒரு கோப்பாக எடுங்கள். அமைப்பு மரத்தையும் தனியாக எடுங்கள். சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு, கணினி அறையில் இல்லாமல் அலுவலக அலுமாரியில் பூட்டி வையுங்கள். அதன் மேல் தேதியை எழுத மறக்க வேண்டாம்.